கடுகு சாய்ந்த மடி

வாசற்கதவு திறந்தபோது கடுகு குரைக்கவில்லை.

காற்றில் உருளும் காகிதத்துக்கும், எங்கோ இருமும் மனிதருக்கும், தண்ணீர்க் கிண்ணத்தில் தெரியும் தன் சொந்த நிழலுக்கும்கூட வெடித்துச் சிதறுகிற நாய் அது. காய்ந்த எண்ணெயில் விழுந்தாற்போல் எதற்கெடுத்தாலும் வெடித்ததால்தான் காப்பகத்தில் அதற்குக் கடுகு என்று பெயர் விழுந்தது. இன்று, அறியாத ஒரு வீட்டுப் படியில், அறியாத ஒருவர் தாழ்ப்பாளை இழுத்த உலோக ஒலிக்குப் பின்னும், அது வாயை மூடிக்கொண்டு, ஈர மூக்கை மட்டும் உயர்த்தி, கதவிடுக்கில் கசிந்த காற்றை நீளமாக உள்ளே இழுத்தது. வரப்போகும் பாய்ச்சலுக்காகச் சங்கிலியை இறுகப் பற்றியிருந்தாள் அதை அழைத்து வந்தவள்; அவள் கை, பற்றியபடியே காத்திருந்தது. பாய்ச்சல் வரவில்லை.

காப்பகத்து நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பது அவள் வேலை. வண்டி ஓட்டுகிறவர் அவளைத் தரகரம்மா என்றுதான் அழைப்பார். தெருமுனையில் அவளை இறக்கிவிடும்போதும் அவர் விடவில்லை.

"தரகரம்மா, இந்தச் சம்பந்தமாவது நிலைக்குமா? போன இடத்துல எல்லாம் உங்க பொண்ணு வெடிச்சிட்டுல்ல திரும்பி வந்துச்சு."

"வாயை மூடிட்டு இருங்கண்ணே. உங்க தொப்பியைப் பார்த்தாலே கடுகுக்கு ஆகாது. இங்கேயே இருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று காலை காப்பகத்து மருத்துவர், கையுறையைக் கழற்றியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னது அவளுடைய நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

"குரைக்கட்டும், பாயட்டும், அதை நான் பேசிச் சமாளிச்சுக்கறேன். பல்லு பட்டு ரத்தம் வந்துச்சுன்னா மட்டும் என்னால ஒண்ணும் முடியாதும்மா. இந்த வீட்லேருந்தும் திரும்பி வந்தாலும் அதே கதிதான். இனிமே அவளுக்கு இடம் இல்ல."

உயிரைப் போக்கும் அந்த ஊசியின் பெயரை இருவருமே உச்சரிக்கவில்லை. கூண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் அறையும், அதன் நடுவில் எப்போதும் ஈரமாய் இருக்கும் உலோக மேசையும் இருவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒரு நாயை ஒரு வீட்டுக்குள் முதன்முறை அழைத்துச் செல்ல அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வீட்டில் இருப்பவர் யாரும் நாயைப் பார்க்கக்கூடாது; பேச்சுக் கொடுக்கக்கூடாது; கை நீட்டக்கூடாது; அதற்கு நேரே முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். அழைத்துச் செல்கிறவளும் அவர்களைப் பார்க்கக்கூடாது. அவள் யாரைப் பார்க்கிறாளோ அவரை நாயும் பார்க்கும், பார்த்தால் பாயும். நாய் தானாக நெருங்கும்வரை, ஆட்கள் நிறைந்த அறையும் ஆளற்ற அறைபோல் இருக்க வேண்டும். "வீட்ல இருக்கறவங்க எல்லாரும் அப்படியே உக்காந்துடணும் சார்" என்று தொலைபேசியில் அவள் சொன்னபோது, ஓய்வுபெற்ற நூலகரான அந்த மனிதர், "சரிம்மா, சத்தமில்லாம உக்கார எனக்குச் சொல்லியா தரணும்?" என்று மெல்லச் சிரித்திருந்தார்.

சொன்னபடியே செய்தார். கதவைத் திறந்துவிட்டு, அவளையோ நாயையோ ஏறிட்டுப் பாராமல் உள்ளே நடந்து, புத்தக அலமாரியை நோக்கிப் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டார். நீண்ட கூடம். வெளியே மழை இறங்கி, அந்த மாலை வெளிச்சத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தது; சுவருக்குள் எங்கோ குழாய் ஒன்றில் தண்ணீர் தொண்டை கனைப்பதுபோல் வழிந்தது. பழைய தாளின் வாசனை. நனைந்த சுண்ணாம்பின் வாசனை. அவற்றுக்கு அடியில், பூச்சாடியில் நெடுநாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் நாற்றம் போன்று மெல்லிய ஒன்று. கூடத்தின் மறுகோடியில், சன்னலை ஒட்டிய நாற்காலியில், சாம்பல் நிற உடையில் ஒரு பெண் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மனைவியோ தங்கையோ. கூந்தல் கன்னத்தை மறைத்திருந்தது. கைகள் மடியில் கிடந்தன. எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், மூச்சுவிடுவதுகூடத் தெரியவில்லையே என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, முறைப்படி அந்தப் பக்கத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டு, அவள் தரையில் அமர்ந்து சங்கிலியைக் கழற்றினாள்.

கடுகு நகங்கள் தரையில் டக் டக்கென ஒலிக்க நடந்தது. நூலகரைக் கடந்தது. அவர் செருப்பை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் சட்டைப் பையில் வைத்திருந்த வேகவைத்த ஈரல் துண்டின் வாசனைக்கும் திரும்பவில்லை. நேராக, யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல, சன்னலை நோக்கிப் போயிற்று. கண்ணின் ஓரத்தால் மட்டுமே அவள் அதைத் தொடர்ந்தாள்: பழுப்பு முதுகு, சாம்பல் உடையின் விளிம்பு, மடிமீது சாய்ந்த தலை. மடியில் கிடந்த கை ஒன்று எழுந்தது. கடுகின் கிழிந்து ஆறிப்போன இடது காதின்மேல் இறங்கியது.

அந்தக் காதை ஒருவரும் தொடமுடியாது. மழைக்காலம் முழுவதும் கூண்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலையில் உண்ணும் ரொட்டியில் பாதியைத் தோளுக்குமேல் எறிந்து எறிந்து, ஒருநாள் அந்த மூக்கு தன் முழங்கையை உரசியபோது சத்தமில்லாமல் அழுதவள் அவள். அவளையே அந்தக் காதுக்குக் கிட்டே விட்டதில்லை கடுகு. இந்தப் பெண்ணோ கடுகு கிட்டே வந்த நிமிடமே தொட்டுவிட்டாள். இதுதான் அந்த வீடு. இவள்தான் அந்த ஆள். பெற்றவளைப்போல் மகிழத்தான் வேண்டும். மகிழ்ந்தாள். மகிழ்ச்சிக்குள் ஏதோ ஒன்று ஏன் உறுத்துகிறது என்று மட்டும் புரியவில்லை.

கை தடவிக்கொண்டே இருந்தது. கழுத்திலிருந்து முதுகுக்கு அல்ல, முதுகிலிருந்து கழுத்துக்கு. மயிரின் போக்குக்கு எதிராக. எந்த நாயும் பொறுக்காத தடவல் அது. கடுகு பொறுத்துக்கொண்டிருந்தது. வால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. தடவும் விரல்களின் ஒலிகூட, உலர்ந்த தாளைத் தாளின்மேல் தேய்ப்பதுபோல், மழையையும் மீறிக் கேட்கத் தொடங்கியது. பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் சற்றே கனத்திருந்தது.

நூலகர் எழுந்து, ஓரப்பார்வைகூடத் திருப்பாமல், சமையலறைக்குப் போய்வந்தார். அவரது கையில் இரண்டு கோப்பைத் தேநீர். ஒன்றைத் தரையில் அவளுக்கருகே வைத்தார்.

"இப்போ பேசலாமாம்மா?" குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"மெதுவாப் பேசலாம் சார்." அவளும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவங்களுக்கு டீ வேண்டாமா? முதல்ல அவங்களுக்குத்தான் கொடுக்கணும். பிரமாதமா இருக்காங்க."

"யாருக்கு?"

அவள் கோப்பையைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. அந்தச் சூட்டையே பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல நான் ஒருத்தன்தாம்மா" என்றார் நூலகர். "பேச்சுத் துணைக்குத்தானே நாய் கேட்டேன். தனியா இருந்தா பாருங்க, சாயங்காலமானா யாரோ கூட உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். வயசாச்சுல்ல." பிறகு சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, காலி நாற்காலின்னு தெரியாம அதுமேல தலையை வச்சுச் சொக்கிப்போயிருக்கு பாருங்க. அங்க நான் உக்காரவே மாட்டேன். எப்பவும் சில்லுன்னு இருக்கும்."

அவள் தன் தொழிலின் முறையை மறந்தாள். நேராகத் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலி காலியாக இல்லை.

அந்தப் பெண் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள் என்று இவ்வளவு நேரமும் எண்ணியிருந்தாள். இல்லை. முழங்கால்கள் அவளை நோக்கியிருந்தன. பாதங்கள் அவளை நோக்கியிருந்தன. தோள்கள் நேராக இருந்தன. அது அவளுக்கு நேராகத்தான், அவள் உள்ளே நுழைந்ததிலிருந்து, உட்கார்ந்திருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கூந்தல். முகமே இல்லை; முன்னாலும் கூந்தல்தான்.

கை தடவிக்கொண்டிருந்தது.

"கடுகு." குரல் வெளிவரவில்லை. மறுபடியும். "கடுகு, வா. வாடி, வீட்டுக்குப் போலாம்."

கடுகின் தலை நிமிர்ந்தது. அவளைப் பார்த்தது. அந்தத் தேன்நிறக் கண்கள் ஒரு நொடி அவளை அறிந்துகொண்டன. ஒரு முன்காலும் தரையிலிருந்து எழுந்தது. காப்பகத்துக் கூண்டு, உலோக மேசை, ரொட்டியின் பாதி, எல்லாம் அந்த எழுந்த காலில் தொங்கின. பிறகு காதின்மேல் விரல்கள் லேசாக அழுந்தின. கால் இறங்கிவிட்டது.

அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். நேராக நடந்தாள். நேராகப் பார்த்தபடி, மேலிருந்து கழுத்துப்பட்டைக்குக் கை நீட்டினாள். எதையெல்லாம் செய்யக்கூடாதென்று ஊருக்கெல்லாம் சொல்வாளோ அதையெல்லாம் செய்தாள். கிட்டே போகப்போகக் குளிர் முழங்காலைக் கடித்தது. நாற்றம் நாக்கில் ஒட்டியது.

உறுமல் இல்லை. எச்சரிக்கை இல்லை.

மணிக்கட்டில் பல் இறங்கியது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்த வாயின் வெதுவெதுப்பு. இத்தனை காலமும் அவள் தொட ஏங்கிய வெதுவெதுப்பு. பின்னால் நூலகரின் கோப்பை தரையில் மோதும் ஓசை.

"ஐயோ, என்னம்மா ஆச்சு? கடிச்சிருச்சா?"

அவள் பின்வாங்கினாள். சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டின்மேல் இறக்கி, மறுகையால் அழுத்திக்கொண்டாள். துணிக்குள் சூடாக ஊறியது. கடித்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடுகு இந்த வீட்டை விட்டு வெளியேறிவிடும். நாளைக் காலை அந்த மேசை. கையுறை. பார்வையைத் திருப்பிக்கொள்ளும் முகம்.

"இல்ல சார்." பற்களைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "பட்டைக் கொக்கி கீறிடுச்சு."

"மருந்து போடட்டுமா?"

"வேண்டாம் சார். சார், நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன். இன்னிக்கு மட்டும். அவளையும் கூட்டிட்டு, இந்த வீட்டைப் பூட்டிட்டு."

நூலகர் அவளைக் கனிவோடு பார்த்தார். பிரிய மனம் வராத பெண்ணின் பிதற்றல் என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எங்க? என்னையும் கூண்டுல போடப்போறீங்களா? இந்த வயசுல என்னை யாரும்மா தத்தெடுப்பாங்க?" பிறகு அவள் கண்ணில் நீரைக் கண்டு குரலைத் தணித்துக்கொண்டார். "அழாதீங்கம்மா. எனக்கும் பழகிடும். பாருங்க, அதுக்கு இந்த வீடு பிடிச்சிருச்சு. பிடிக்காத இடத்துல எந்த நாயாவது இப்படி வாலாட்டுமா?"

ஆட்டாது. அவளுக்கு அது தெரியும். வேறு எதுவும் தெரியாவிட்டாலும், இந்த ஒன்று தெரியும். எங்குமே நிம்மதியாக உறங்கியறியாத ஒரு நாய், இங்கே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

"இங்கேயே இருக்கட்டுமா அம்மா?" என்று கேட்டார் நூலகர்.

குழாயில் தண்ணீர் வழிவது நின்றிருந்தது. மழை விட்டிருந்தது. அவள் பதிலுக்காக அந்த வீடே செவியைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும் சார்" என்றாள்.

சங்கிலியைத் தரையிலேயே விட்டாள். வாசல்வரை பின்னோக்கியே நடந்தாள். நூலகர் சிந்திய தேநீரைத் துடைக்கத் துணி தேடிக் குனிந்திருந்தார். கதவின் விளிம்பு முதுகில் பட்டபோது, கடைசியாக ஒருமுறை கூடத்தின் மறுகோடியைப் பார்த்தாள்.

சன்னல் இருண்டிருந்தது. கடுகின் தலை மடியில் கிடந்தது. நீண்ட விரல்கள் அதன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன, பால் குடித்த குழந்தைக்குத் தாய் துடைப்பதுபோல, அவசரமில்லாமல், ஒரு துளி மிச்சமில்லாமல். துடைத்து முடித்தன. அந்தச் சிவந்த விரல்கள் மெல்ல மேலே எழுந்தன. கூந்தலுக்குள் நுழைந்தன. அவற்றுக்காக உள்ளே ஏதோ ஒன்று ஈரச் சத்தத்தோடு திறந்தது.

மடியில் கண்மூடிக் கிடந்த கடுகு, அந்தச் சத்தத்துக்கு வாலை ஆட்டியது.