எம்ஆர்ஐயே எடுங்க டாக்டர்!

"அம்மா...!"

அலறலோடு அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுகள் படாரென்று திறந்தன.

ஸ்ட்ரெச்சரில் சோஃபா ஃபேக்டரி முதலாளி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தார். அவருடைய மனைவியின் தம்பி கண்ணீரும் கம்பலையுமாகக் கூடவே ஓடி வந்தான்.

"டாக்டர்! எங்க அத்தானைக் காப்பாத்துங்க! திடீர்னு நெஞ்சுவலி!"

டியூட்டி டாக்டர் நிமிர்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு சீஃப் டாக்டரிடம் 'வாயாடி' என்று பட்டம் வாங்கியவள்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான். நல்லாத்தான் இருந்தார், அப்படியே சரிஞ்சுட்டார். எம்ஆர்ஐ எடுங்க டாக்டர்! உடனே எம்ஆர்ஐ!"

"நெஞ்சுவலிக்கு எடுத்த எடுப்பிலேயே எம்ஆர்ஐயா? முதல்ல இசிஜி. அப்புறம் எக்ஸ்ரே. தேவைப்பட்டா சிடி."

"எக்ஸ்ரே, சிடி எல்லாம் கதிர்வீச்சு! அத்தான் உடம்பு தாங்காது. எம்ஆர்ஐதான் சுத்தம்... வெறும் காந்தம்!"

"விவரமாத்தான் பேசறீங்க. ஆனா அந்தக் குழாய்க்குள்ள அரை மணி நேரம் ஆடாம அசையாம படுக்கணும். நடுவுல மூச்சு நின்னா நான் என்ன பண்றது? வெளிய நின்னு கதவைத் தட்டறதா?"

அவன் செல்போனோடு ஓரமாக ஒதுங்கினான்.

அவள் இசிஜியைப் பார்த்து முடிப்பதற்குள் மேஜை போன் அலறியது.

சீஃப் டாக்டர்!

"அவங்க பெரிய இடம்மா. கேக்கறதைச் செஞ்சு கொடு."

"கேக்கறதைச் செஞ்சு கொடுக்க இது ஹோட்டல் இல்ல சார்."

"என்னது?"

"இசிஜில ஹார்ட் அட்டாக் தெரியல. இடது பக்கம் மூச்சுச் சத்தமே சரியாக் கேக்கல. எக்ஸ்ரே பார்க்காம அவரை ஒரு அடி நகர்த்த மாட்டேன்."

"இது என் உத்தரவு!"

"அவர் என் பேஷன்ட்."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது!"

"பரவாயில்ல சார். இன்னைக்கு நிறைய இருக்கு."

ரிசீவரை வைத்தாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. பயமில்லாமல் இருக்குமா? ஆனால் இப்போது பயந்தால் இந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவார்!

நடமாடும் எக்ஸ்ரே மெஷின் கட்டிலருகே உருண்டு வந்தது. மைத்துனன் குறுக்கே விழுந்தான்.

"நான் சம்மதிக்க மாட்டேன்!"

"உங்க நெஞ்சை எடுக்கும்போது சம்மதம் கேக்கறேன். இப்ப வெளிய போங்க!"

நர்ஸ் அவன் முகத்தில் அடிக்காத குறையாகத் திரையை இழுத்துவிட்டாள்.

படம் விழுந்தது.

விலா எலும்புகள்... காற்றுப் போன பலூனாய்ச் சுருங்கிய இடது நுரையீரல்... அதைத் தாண்டி, இதயத்தை உரசிக்கொண்டு...

ஒரு கோடு!

வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு. அவ்வளவு நேரான எலும்பு யாருக்கும் கிடையாது.

ஊசி!

அவரை மெல்லப் புரட்டினாள். முதுகில், கொசு கடித்த அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"சார்... முதுகுல என்ன ஆச்சு?"

"புது சோஃபா வந்தா... நான்தான் முதல்ல பொத்துனு உட்கார்ந்து சாய்ஞ்சு பார்ப்பேன்... ஃபேக்டரிக்கே தெரியும்..." அவருக்கு மூச்சு இரைத்தது. "இன்னைக்கு சாய்ஞ்சதும் சுருக்குனு ஒண்ணு... மச்சினன்தான் 'வந்து பாருங்க அத்தான்'னு கூப்பிட்டான்..."

அவளுக்கு ரத்தம் கொதித்தது.

எம்ஆர்ஐயின் ராட்சசக் காந்தம் அந்த ஊசியைச் சும்மா விட்டிருக்குமா? இதயத்தைக் கிழித்திருக்கும்! கொலைப்பழி அவள் தலையில். ஃபேக்டரி அவன் கையில்.

பின்வாசல் வழியாக முதலாளி ஆபரேஷன் தியேட்டருக்குப் பறந்தார். முன்வாசல் வழியாக, அவள் போன் போட்டு வரவழைத்த இன்ஸ்பெக்டர் வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சோஃபா தைக்கிற இடத்துல ஊசி தவறுறது சகஜம்பான். எம்ஆர்ஐ கேட்டது பாசத்துலம்பான். ஊசி உள்ள இருக்கறது அவனுக்குத் தெரியும்னு எப்படி நிரூபிக்கறது?"

"அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு சார். ஆனா நான் சொல்றபடி கேக்கணும்."

ஒரு மணி நேரம் கழித்து மைத்துனனைக் கூப்பிட்டாள். குரலில் தேன்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க. சீஃப் சொன்னபடி எம்ஆர்ஐயே எடுத்துடலாம்."

அவன் முகம் மலர்ந்தது. எம்ஆர்ஐ அறை வாசலில் ஸ்ட்ரெச்சர். ஆக்சிஜன் மாஸ்க்கும் போர்வையுமாக உருவம் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தது.

"ஒரு சின்ன உதவி. அத்தான் பயப்படறார். நீங்க உள்ள வந்து அவர் முதுகுல கை வெச்சு அணைச்சுக்கணும்."

"ந... நானா? நர்ஸ் பிடிக்கட்டுமே!"

"அவர் மேல உயிரா இருக்கீங்களே, நீங்கதான் பிடிக்கணும். காந்தம் எப்பவும் ஆன்லதான் இருக்கு. வாங்க!"

அவன் மணிக்கட்டைப் பற்றி முதுகின் மேல் வைத்து அழுத்தினாள். மறுகையால் கதவைத் தள்ளினாள்.

"விடுங்க! கையை விடுங்க!" அவன் வெலவெலத்துத் திமிறினான். "ஊசி என் கையைப் பிச்சுக்கிட்டு வரும்!"

கதவு பாதி திறந்தபடி நின்றது.

"எந்த ஊசி?"

கேட்டது அவள் இல்லை.

போர்வை விலகியது. மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்... இன்ஸ்பெக்டர்!

மைத்துனன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தியேட்டரிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். "ஊசியை எடுத்தாச்சு டாக்டர்! பிழைச்சுட்டார்!"

அவளுக்குக் கண் கலங்கியது. துடைப்பதற்குள் பின்னால் இடி முழக்கம். சீஃப் டாக்டர்!

"என் உத்தரவு என்னம்மா ஆச்சு? எம்ஆர்ஐ எடுத்தியா, இல்லையா?"

"எடுத்தாச்சு சார்!" என்றாள் அவள். "பேஷன்டுக்கு இல்ல, மச்சினனுக்கு... மெஷினுக்குள்ள போகாமலே உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு!"