கனிஷ்கா எடுக்கலைங்க!

"நான் எடுக்கலைங்கப்பா!"

இதைச் சொல்லிச் சொல்லிக் கனிஷ்காவுக்குத் தொண்டையே வறண்டுவிட்டது. வீட்டில் ஒருவராவது காதில் போட்டுக்கொள்ள வேண்டுமே!

"நீ எடுக்காம வேற யாரு எடுத்திருப்பா?" என்றான் அண்ணன் மதன்குமார். அவன் கல்லூரி மாணவன். அவன் கையில் வெண்ணெய் நிறத்தில் ஒரு சின்ன டப்பா இருந்தது. வயர் இல்லாத இயர்பட்ஸ். உள்ளே இரண்டு குழிகள், குழிக்கு ஒன்றாக இரண்டு இயர்பட்ஸ். வலது காதில் மாட்டுவது நன்றாகப் பாடியது. இடது காதில் மாட்டுவது ஊமையாகிக் கிடந்தது. எவ்வளவு நேரம் டப்பாவில் வைத்தாலும் அதற்குச் சார்ஜ் ஏறவே இல்லை.

"தண்ணியில போட்டிருப்பா. இல்லாட்டி பிரிச்சுப் பார்த்திருப்பா. டார்ச் லைட்டைப் பிரிச்சவதானே இவ?"

டார்ச் லைட்டைப் பிரித்தது உண்மைதான். மிக்ஸி சுவிட்சைப் பிரித்ததும் உண்மைதான். ஆனால் இரண்டையும் திரும்ப மாட்டி வைத்தாளே! அந்த டார்ச் இன்றைக்கும் பளிச்சென்று எரிகிறதே! அதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? மாட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எது கெட்டாலும் பழி அவள் தலையில்தான் விழுந்தது. என்ன அநியாயம் இது!

அப்பா தமிழ்ச்செல்வன் துடியலூரில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருந்தார். கோபம் வந்தால் அவர் குரல் லேத் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

"ஏனம்மணி, ஆசையா இருந்தா கேட்டு வாங்கோணும்! திருட்டுத்தனமா எடுத்துக் கெடுத்துப்போட்டு, இல்லைன்னு சாதிக்கக் கூடாது!"

பட்டறையில் வேலை செய்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு சாஹில், பைக் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கனிஷ்காவின் முகம் சூடேறியது. திருட்டுத்தனமாம்!

அதோடு விட்டாரா? மூலையில் இருந்த அட்டைப் பெட்டியையும் அப்பா தூக்கிக்கொண்டார். அது கனிஷ்காவின் பெட்டி. அதற்குள் பேட்டரி, வயர், குட்டி மணி எல்லாம் இருந்தன. வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் அலறுகிற ஒரு கருவியை அவள் செய்துகொண்டிருந்தாள். பாதிதான் முடிந்திருந்தது.

"அந்த இடது காது பேசற வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் அப்பா.

கனிஷ்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கெடுத்திருந்தால் கெடுத்தேன் என்று சொல்லியிருப்பாள். மிக்ஸி சுவிட்ச் விஷயத்தைக்கூட அவளாகத்தான் அம்மாவிடம் போய்ச் சொன்னாள்!

"அது பேசோணும், அவ்வளவுதானுங்களே? நான் பேச வெக்கறேன்!" என்றாள். அண்ணனிடம் கையை நீட்டினாள். "குடுங்ண்ணா."

"மறுபடியுமா? தரமாட்டேன் போ."

"கெட்டுப்போச்சுன்னுதானே சொன்னீங்க? கெட்டதை நான் புதுசா என்ன கெடுத்துரப் போறேன்?"

மதன்குமார் முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைக் கொடுத்தான்.

முதலில் அவளுக்குச் சார்ஜர் வயர் மேல் சந்தேகம் வந்தது. அம்மாவின் போன் வயரை மாற்றிச் சொருகிப் பார்த்தாள். டப்பாவின் விளக்கு எரிந்தது. பழைய வயரைச் சொருகினாலும் எரிந்தது. ஆக, வயர் மேல் தப்பில்லை. டப்பாவுக்கும் கரண்டு வருகிறது.

வலதை அதன் குழியில் வைத்தாள். அதன் நெற்றியில் இருந்த கடுகளவு விளக்கு மின்னியது. இடதை வைத்தாள். ஒன்றுமே இல்லை.

கோளாறு எதில்? இடது இயர்பட்ஸிலா, அதை வைக்கிற குழியிலா? இதைக் கண்டுபிடிக்க இன்னொரு டப்பா வேண்டும். கனிஷ்கா எதிர்வீட்டுக்கு ஓடினாள். மதன்குமாரிடம் பார்த்துவிட்டு, அதே மாதிரிதான் சாஹிலும் வாங்கியிருந்தான். அவன் தங்கை சஃபியா கனிஷ்காவின் வகுப்பு.

"எங்கிட்ட இருக்கறதையும் கெடுக்கலாம்னு வந்தியா?" என்று சிரித்தான் சாஹில்.

"அவ எடுக்கலைண்ணா! எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லியிருப்பா. எனக்குத் தெரியும்!" என்று சஃபியா சீறினாள். அன்று முழுக்க ஒரே ஒருத்திதான் கனிஷ்காவை நம்பினாள். கனிஷ்காவுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

சாஹில் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் இடது குழியில் மதன்குமாரின் ஊமை இயர்பட்ஸை மெல்ல வைத்தாள் கனிஷ்கா.

விளக்கு மின்னியது!

"எரியுது! எரியுது!" என்று சஃபியா குதித்தாள்.

அப்படியென்றால் அது தண்ணீரிலும் விழவில்லை, யாரும் அதைப் பிரிக்கவும் இல்லை. கோளாறு குழியில்தான். கனிஷ்கா வீட்டுக்கு ஓடிவந்தாள். அந்த டார்ச் லைட்டையே எடுத்து அண்ணனின் டப்பாவுக்குள் அடித்துப் பார்த்தாள்.

வலது குழியின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் மினுமினுத்தன. சார்ஜ் ஏறுகிற இடம் அது. இடது குழியில் அந்தப் புள்ளிகளே தெரியவில்லை. வெண்ணெய் நிறத்திலேயே ஏதோ காய்ந்து, ஆடை மாதிரி மூடியிருந்தது. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்கே படாது.

கனிஷ்கா குழியை மூக்கருகே கொண்டுபோனாள். அடுத்த நொடி அவள் கண்கள் விரிந்தன.

"அம்மா! அப்பா! அண்ணா! எல்லாரும் வாங்க!"

அப்பா கைகளில் கிரீஸோடு வந்தார். அம்மா கரண்டியோடு வந்தார்.

"எல்லாரும் மோந்து பாருங்க" என்று டப்பாவை நீட்டினாள் கனிஷ்கா.

அம்மாதான் முதலில் முகர்ந்தார். "அட, சந்தனம்!"

"சந்தனமா?" என்றான் மதன்குமார். "இயர்பட்ஸுக்குள்ள சந்தனம் எப்படி வரும்?"

எப்படி வரும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வாரம்தான் ஆயுத பூஜை. அன்றைக்கு அப்பா குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால், ஓடுகிற எதையும் விடமாட்டார். லேத், டிரில்லிங் மெஷின், பைக், கிரைண்டர், டிவி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு.

மூன்று பேரும் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார்கள்.

"ஏனுங்க..." என்று இழுத்தார் அம்மா.

அப்பா தலையைச் சொறிந்தார். கிரீஸ் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டது. "போன வருஷம் லேப்டாப்புல பொட்டு வெச்சதுக்குக் கறையாயிருச்சுன்னு இவன் ஊட்டையே ரெண்டாக்கிப்போட்டான். அதான் இந்த வாட்டி வெளிய தெரியாம, உள்ளார ஒரு துளி... ஒரே ஒரு துளிதான் வெச்சேன்."

கனிஷ்கா பஞ்சுக் குச்சியை எடுத்துக் குழியின் அடியை மெல்லத் துடைத்தாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து வந்தது. புள்ளிகள் மினுமினுத்தன. இடதை உள்ளே வைத்தாள். கடுகளவு விளக்கு மின்னியது.

அப்பா பீரோவைத் திறந்து அட்டைப் பெட்டியை எடுத்துவந்தார். "இந்தா கண்ணு."

கனிஷ்கா வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"திட்டறப்ப ஊருக்கே கேக்கற மாதிரி திட்டுனீங்க. திருட்டுத்தனம்னு சொன்னீங்க. இப்ப மட்டும் ஏனுங்க இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

"அப்பாகிட்ட அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அம்மா அதட்டினார்.

"இல்ல, உடு. அவ கேக்கறது நாயந்தான்" என்றார் அப்பா.

அவர் விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"எங்க கனிஷ்கா எடுக்கலைங்க! சந்தனத்தை வெச்சுக் கெடுத்தது நாந்தானுங்க!"

பட்டறையில் லேத் நின்றது. சாஹில் வெளியே ஓடிவந்தான். எதிர்வீட்டு மாடியிலிருந்து சஃபியா படபடவென்று கை தட்டினாள்.

உள்ளே மதன்குமார் சத்தமில்லாமல் தன் அறைக்கு நழுவப் பார்த்தான்.

"நீங்களுந்தானுங்ண்ணா" என்று வாசலைக் காட்டினாள் கனிஷ்கா.

அவனும் போய்க் கத்திவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கருவி தயாராகிவிட்டது. வாளியில் தண்ணீர் ஏறியதும் அது வீடே அதிரும்படி அலறியது. கனிஷ்கா பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா குறுக்கே வந்தார். கையில் சந்தனக் கிண்ணம்! கனிஷ்கா கருவியைப் பின்னால் ஒளித்தாள்.

"புதுசா செஞ்சதைப் பொட்டு வெக்காம எப்படி அனுப்பறது?" என்ற அப்பா, விரலில் சந்தனத்தைத் தொட்டார். உடனே ஏதோ நினைவு வந்தவர்போல நின்றுவிட்டார். விரல் அந்தரத்தில் நின்றது.

"எங்க வெக்கறதுங்க, அம்மணி?"

கனிஷ்கா கருவியை முன்னால் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு வயர்களைப் பொருத்தியிருந்த அட்டையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க வைங்க. கம்பிப் பக்கம் மட்டும் போயிராதீங்க."

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் காட்டிய இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார்.