பித்தளைச் சுத்தியல்

கார் செட்டின் ஷட்டருக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்த நீலச் செருப்பு. வலது கால் வார் அறுந்துபோய், வெடிக்குச் சொருகுகிற திரியால் முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே வேலைக்குப் போகிற யாரோ பவ்யமாகக் கழட்டி விட்டதுபோல இரண்டும் ஒட்டி, செட்டைப் பார்த்துக் கிடந்தன. செட்டுக்குள்ளே காரைத் தவிர யாருமில்லை.

"எந்த மூதேவி விட்டுட்டுப் போச்சோ," என்று சரவணக்குமார் அதைப் பெருவிரலால் நெம்பிச் சாக்கடையில் தள்ளினான். செருப்பைப் பார்த்தாலே ஆளின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது அவன் கட்சி.

ஒரு ஆளை எடைபோட அவனுக்கு அரை நிமிஷம் போதும், யாரை வைத்தாலும் எடை குறைவாகத்தான் இருக்கும். மெக்கானிக் மணிகண்டராஜ் ஒரு பிராடு. முன்சக்கரத்து ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட் துருவேறி இறுகிவிட்டது என்று காலையில் போன் போட்டுச் சொன்னால், "எண்ணெயை ஊத்தி ஒருநா ஊறப் போடுங்க அண்ணாச்சி, அவசரப்பட்டு அடிக்காதீக" என்கிறான். ஊறப் போட இது என்ன உளுந்தா? எதிர்வீட்டு ஜெயச்சந்திரன் ஒரு அரைவேக்காடு, வேலை பார்ப்பவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசனை சொல்லும் ரகம். மனைவி ஆர்த்தியின் சொந்தக்காரர்கள் மொத்தமும் சோத்துக்குப் பிறந்தவர்கள். விருதுநகரில் அவர்கள் வீட்டுச் சடங்குக்குத்தான் அவள் போயிருக்கிறாள்.

அவன் இளக்காரமாகப் பார்க்காத ஒரே உயிர் மகள் பிரீத்திகா. ஆறு வயசு. அப்பா நடப்பதுபோல நடப்பாள், அப்பா ஆட்களைத் திட்டுவதுபோலப் பொம்மையைத் திட்டுவாள், அப்பா சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்வாள். அவளுக்கு ஒன்று என்றால் இவன் உயிரோடு இருக்கமாட்டான். அதை மட்டும் இவனைக் கண்டாலே பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

அவளை ஹாலில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஜெயச்சந்திரன் எட்டிப் பார்க்காமலிருக்க ஷட்டரை ஒரு சாண் விட்டு இறக்கிவிட்டு, ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காருக்கடியில் அவன் மல்லாந்து நுழைந்தான். திருத்தங்கலின் மத்தியான வெயில் அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகத் தரையில் வெள்ளையாய்ப் படுத்திருந்தது. பழைய கிரீஸ், காய்ந்த சேறு, சூடேறிய தகரம் எல்லாம் கலந்த வாடை மூக்கில் ஏற, சக்கரம் கழட்டிய இடத்தில் தெரிந்த போல்ட்டின் நுனியைப் பார்த்து, தெருவே அடங்கிக் கிடந்த அமைதியில் அவன் இரும்புச் சுத்தியலால் முதல் அடியை வைத்தான். நட்டு முன்னாடியே கழன்றுவிட்டது. போல்ட்டைத்தான் இந்தப் பக்கமிருந்து அடித்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அது அசையவில்லை.

அடித்த அடியில் மேலிருந்து முகத்தில் தூள் கொட்டியது. துரு என்று துடைத்தான். விரலில் ஒட்டியது செம்பழுப்பாக இல்லை, வெள்ளிக் கலராக இருந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லைதான். ஆமத்தூர்ப் பக்கம் அவன் குடும்பத்துப் பட்டாசு கம்பெனி ஓடிய காலத்துக் கார் இது. சீசன் நெருக்கடியில் பின்சீட்டை மடக்கிவிட்டு அலுமினியப் பவுடர் மூட்டையை இதிலேயே ஏற்றுவான். ஏற்றக் கூடாதுதான். கூடாது என்று சொல்கிறவனெல்லாம் தீபாவளிக்கு ஒரு ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டுப் பேசட்டும் என்பான். சந்துபொந்தில் ஒட்டியிருந்த பவுடர் உதிர்கிறது, அவ்வளவுதான் என்று இன்னொரு அடி வைத்தான். டங்.

தொக்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அவன் கையை நிறுத்திக் காதைத் தீட்டினான். ஹாலில் டிவி கத்திக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் தொக். மழுங்கிய, மொத்தையான சத்தம். போல்ட் மயிரிழை நகர்ந்திருந்தது; அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கு அது பித்தளைச் சுத்தியலின் சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வெடிமருந்து கலக்கும் அறைப்பக்கம் இரும்பைக் கொண்டுபோக மாட்டார்கள். சுத்தியல் முதற்கொண்டு பித்தளைதான், பித்தளை தட்டினால் பொறி பறக்காது.

நாகையாவின் நினைப்பு வேண்டாமலே வந்தது. கம்பெனியின் கடைசி சீசன். மழைக்குப் பிறகு மருந்து அறையின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக்கொண்டது. உள்ளே கலந்து வைத்த மருந்து. வெளியே, செருப்பை வேப்பமரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டு, வேலைக்கு நின்றார்கள் நாகையாவும் சோலையம்மாளும் மற்றவர்களும். "பித்தளைச் சுத்தி அடுத்த ரூம்ல இருக்கு மொதலாளி, எடுத்தாறேன், கொஞ்சம் பொறுங்க," என்றான் நாகையா. கேட் பக்கம் போனும் கையுமாக நின்ற சரவணக்குமாருக்குச் சிரிப்பாக வந்தது. ஒரு தாழ்ப்பாளைத் தட்ட இவனுக்கு நல்ல நேரம் வேறு பார்க்கணுமோ? கார் டிக்கியில் கிடந்த இரும்புச் சுத்தியலை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி கேட்டுக்கே போய் நின்றுகொண்டு சொன்னான்: "அடிலே. ஒண்ணும் ஆகாது."

அடித்தான். மரத்தடியில் செருப்புகள் மட்டும் வரிசை கலையாமல் கிடந்தன. கூலிக்காரப் பயலின் கவனக்குறைவு என்று இவன் ஊரெல்லாம் சொன்னான், ஊரும் நம்பியது. கம்பெனி போனதுதான் இவனுக்கு வருத்தம்.

"அப்பா."

வீட்டுப் பக்கத்துக் கதவில் பிரீத்திகா நின்றாள். காருக்கடியிலிருந்து பார்க்க, அவளுடைய ரோஸ் கலர்ச் செருப்பு மட்டும் தெரிந்தது.

"உள்ள போடா தங்கம். இங்கன ஒரே தூசி."

"அந்த மாமா கூப்பிட்டாகளே."

"எந்த மாமா?"

"கையெல்லாம் வெள்ளியா இருக்குமே, அந்த மாமா. இரும்பு வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக. பித்தளை எடுத்தாறாகளாம். கொஞ்சம் பொறுக்கணுமாம்."

ஓங்கிய சுத்தியலைத் தாழ்த்தினான். பயம்தான். ஆனால் பயத்தை ஒத்துக்கொள்கிற பழக்கம் இவனுக்குக் கிடையாதே! நாகையா பெண்டாட்டி வேலுத்தாய் யாரையோ ஏவிவிட்டுப் பிள்ளையிடம் விளையாட்டுக் காட்டுகிறாள் என்று முடிவு கட்டினான். அதுகளுக்கு வேறென்ன தெரியும்? "யார் பேச்சையும் கேக்கக் கூடாது. அப்பா சொல்றத மட்டும்தான் கேக்கணும். போ."

"சரிப்பா," என்றாள். ரோஸ் செருப்பு கதவைவிட்டு மறைந்தது.

அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து ஓங்கி ஒன்று விட்டான். பொறி தெறித்தது. தூள் கொட்டியது, இந்தத் தடவை ஒரு கை நிறைய. கண்ணுக்குள், வாய்க்குள். கந்தக வாடை. இந்தக் காரில் கந்தகம் ஏற்றியதே இல்லை.

முதுகு ஈரமானது. வேர்வை இல்லை. தரையில் தண்ணீர் தெளித்திருந்தது, மருந்து அறையில் வேலை தொடங்குமுன் தெளிப்பார்களே, அதுபோல, மூலை விடாமல்.

டிவி சத்தம் நின்றுபோயிருந்தது.

தலையைத் திருப்பினான். ஷட்டருக்கடியில் அந்த ஒரு சாண் வெளிச்சம். அதில் நீலச் செருப்பு. சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட. அதையடுத்து இன்னொரு ஜோடி. இன்னொன்று. பொம்பளைச் செருப்பு, ஆம்பளைச் செருப்பு, எல்லாம் உள்ளே பார்த்து, வரிசையாக.

வரிசையின் கடைசியில் ரோஸ் கலர்ச் செருப்பு.

"பிரீத்தி!" என்று கத்தினான். சத்தம் வரவில்லை. தொண்டை முழுக்கப் பவுடர். வெளியே வர உடம்பை இழுத்தான். ஈரத்தில் முதுகு வழுக்கியது, சட்டை மேலே எதிலோ மாட்டி இறுகிக்கொண்டது. சுத்தியல் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. சக்கரம் கழட்டிய ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனது.

அந்தப் பக்கம் கால்கள் நின்றன. வெறுங்கால்கள். முழங்கால் வரை வெள்ளி படிந்த கால்கள். அசையவில்லை. காருக்கு இந்தப் பக்கமும் கால்கள். தலைமாட்டிலும் கால்கள். அந்தப் பக்கத்துக் கால்களுக்கு நடுவில் இரண்டு சின்னக் கால்கள். கொலுசு. அதுவும் வெள்ளிப் பவுடருக்குள் மங்கிப்போயிருந்தது.

சின்னக் கால்கள் மடங்கின. சின்ன விரல்கள் சுத்தியலைப் பிடித்தன.

வேண்டாம்டா. வேண்டாம்டா தங்கம். கீழ போட்டுரு. வாய் அசைந்தது, அவ்வளவுதான். அழுகை வந்தது. நாகையா, உன் காலில் விழுகிறேன், பிள்ளையை விட்டுடு. அதுவும் வெளியே வரவில்லை. கால்களில் ஒன்றுகூட நகரவில்லை. மேலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது, மெல்ல, மாவு சலிப்பதுபோல.

சக்கர ஓட்டையில் பிரீத்திகாவின் முகம் வந்தது. வெள்ளி முகம். கண் மட்டும் கறுப்பு. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடிக்கட்டாப்பா?"

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று, பலம்கொண்ட மட்டும்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. ஷட்டருக்கு வெளியிலிருந்து. நல்ல தள்ளி, பத்திரமான தூரத்தில் நின்றுகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு யாரோ பேசுகிற குரல். அவனுடைய சொந்தக் குரல்.

"அடி. ஒண்ணும் ஆகாது."

"சரிப்பா," என்றாள் பிரீத்திகா.

வெள்ளி படிந்த இரண்டு சின்னக் கைகள் இரும்புச் சுத்தியலைத் தலைக்கு மேலே தூக்கின.