அறுபத்தொரு கோடுகள்

மனிதகுலத்தின் நலன் கருதி ஒரு பேருண்மை இங்கே முறைப்படி பிரகடனம் செய்யப்படுகிறது: ஃபோனில் பேசுகிறவன் கையில் பேனாவைக் கொடுத்தால் அது சும்மா இருக்காது. இதற்குப் பதினெட்டு வருடமாக வாழும் சாட்சி, அந்தக் குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர். லாரி வருகைப் பதிவேட்டின் ஓரமெல்லாம் அவர் கைவண்ணம்தான்: மீன், குடை, மூக்கு. மீசை வைத்த மீன்கூட உண்டு. அலுவலகத்தில் அவருக்கு ‘ஓவியர்’ என்றே பெயர்.

இன்று மதியம் மூன்று மணிக்கு, கூட்ட அறையில், அவர் முன்னால் இருந்த தாளில் மீன் இல்லை. வெறும் கோடுகள். ஒரே உயரத்தில், நெட்டுக்குத்தாக, ஒன்றையொட்டி ஒன்று.

உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்டு மெக்கானிக் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஊழியர்களின் துயரைத் துடைக்க நிர்வாகம் ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்திருந்தது. உறைபனி அறையின் கதவைச் சரிசெய்வதைவிட அது சுலபம்.

“கை போற போக்குல விடுங்க. யோசிக்காமக் கிறுக்குங்க. ஆழ்மனசு பொய் சொல்லாது,” என்றார் ஆலோசகர்.

“எங்க ஆழ்மனசு சாப்பிட்டதும் தூங்கிடும் சார்,” என்றார் லோடிங் பிரிவுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்டவர் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மேற்பார்வையாளரின் தலைக்கு மேலே மணி அடிக்கும். பனி பிடித்தால் பொத்தான் தன்னைத் தானே அழுத்திக்கொள்ளும், ஒரு நாளைக்கு நாலு தடவை. அதனால் மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் துணியைச் செருகி வைப்பது அங்கே எழுதாத சட்டம். செருகிவிட்டால் ‘தொப்’ என்று மட்டும் கேட்கும், யாரோ மெத்தையைத் தட்டுகிற மாதிரி.

அன்றைக்குத் துணியைச் செருகியவர் ஓவியர். மச்சான் ஃபோனில் இருந்தான். வாங்கப்போகும் கார் வெள்ளையா, சாம்பலா என்பது பிரச்சினை. நாற்பது நிமிடம் ஆராய்ந்தார்கள். எதுவும் காதில் விழவில்லை, அது சத்தியம். ஆனால் ஃபோனை வைத்துவிட்டுக் குனிந்தபோது தாளில் அறுபத்தொரு கோடுகள் இருந்தன. காது கேட்காததைக் கை கேட்டிருந்தது.

மற்றவர்கள் வருவதற்குள் துணியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விசாரணையில் மணி கணீரென்று அடித்தது. மெக்கானிக் பொத்தானை அழுத்தவே இல்லை, கவனக்குறைவு என்று முடிவானது. அவரும் கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக்கின் மனைவி வந்து கேட்டாள். “அவரு அழுத்தாம இருந்திருப்பாராண்ணா?”

“மணி அடிக்கலம்மா,” என்றார். பொய் இல்லை.

“என்னண்ணே, இன்னிக்கு மீன் வரலையா?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்கீப்பர் எட்டிப் பார்த்தாள். “ஜெயில்ல நாள் எண்றவன் மாதிரி கோடாப் போட்டுத் தள்றீங்க?”

“பேனா சரியில்லம்மா.”

பேனாவை வைக்கப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. ஏசியின் முனகல், ட்யூப்லைட்டின் ரீங்காரம், கதவிடுக்கு வழியாகக் கசிந்து மூக்கின் உள்ளே ஊசியாக இறங்கும் கிடங்கின் அம்மோனியா நெடி, இவ்வளவுக்கும் அடியில் எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் கை எதையோ கேட்கக் காத்திருந்து, கேட்டதும் ஒரு கோடு இழுத்து, மறுபடி காத்திருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். வலது கை நின்றது. இடது கைச் சுண்டுவிரல் நகம் தோலில் கீறத் தொடங்கியது. நெட்டுக்குத்தாக.

சொல்லிவிடலாம். மூணே வார்த்தை. துணியை நான்தான் செருகினேன்.

வாயைத் திறந்தார்.

“சொல்லுங்க சார்,” என்றார் ஆலோசகர், ஆசையாக.

மானேஜர் பார்த்தார். பதினெட்டு வருட வேலையும் சேர்ந்து பார்த்தது.

“ஒண்ணுமில்ல சார். மனசு லேசாயிடுச்சு.”

அறை அமைதியானது. பேனாச் சத்தம் மட்டும். சரக்.

இடைவெளி.

சரக்.

ஒரே சத்தம். ஒன்பது பேனா.

நிமிர்ந்தார். மானேஜரின் தாளில் கோடுகள். ஸ்டோர்கீப்பரின் தாளில் கோடுகள். ஆலோசகரின் தாளிலும். யாரும் கையைப் பார்க்கவில்லை. முகத்தில் அதே புன்னகை.

சரக்.

இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. உள்ளே ஒருவனுக்குக் கை தூக்க முடியாமல் போவது போல.

ஐம்பத்தெட்டு. மூச்சு புகையாக வந்தது. ஐம்பத்தொன்பது. அறுபது.

அறுபத்தொன்று நிற்கவில்லை. ஒன்பது பேனாவும் தாளைத் தாண்டின. மேஜைப் பலகையைக் கீறிக்கொண்டு, மெல்ல, சரிந்து விழுகிறவனின் விரல்கள் கதவில் இறங்குகிற மாதிரி, எல்லாத் திசையிலிருந்தும் அவரை நோக்கி வந்தன. புன்னகைகள் அசையவில்லை.

தேநீருக்காகக் கூட்டம் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது.