அமுங்கிப்போன பொத்தான்

ரேடியோவில் தம்பி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மேலே பறக்கிறவன் பொத்தானை அழுத்துவான், நாலு வார்த்தை சொல்வான், விரலை எடுத்துவிடுவான். ரேடியோவில் யாரும் பாட மாட்டார்கள்.

விமானக் கொட்டகையின் வாசலில் கைரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றார் அண்ணன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும் நனைந்த புல்லின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. ஓடுபாதையின் அந்தக் கோடியிலிருந்து பனி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, முதலில் வேலியையும், பிறகு தண்ணீர்த் தொட்டியின் உயரமான இரும்புக் கால்களையும், கடைசியில் பாதையையே சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்க, ரேடியோவில் எஞ்சின் உறுமலும் அதற்கடியில் தம்பியின் பாட்டும் மூச்சு விடாமல் வந்துகொண்டே இருந்தன.

"மாமா, பனி மூடிடுச்சுன்னு சொல்லுங்க. பக்கத்து மைதானத்துல போய் இறங்கட்டும்," என்றாள் பக்கத்தில் நின்ற தம்பி மனைவி.

"சொல்லிக்கிட்டேதாம்மா இருக்கேன். அவனுக்குக் கேக்கல."

அந்த விமானம் கிழட்டு விமானம். விளக்கு கிடையாது, பேட்டரி கிடையாது. முன்னால் நின்று கையால் சுழற்றிவிட்டால்தான் எஞ்சினே எழுந்திருக்கும். அதனால் அண்ணன்தான் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைரேடியோவை வார்ப்பட்டையால் கட்டி, அதன் வயரைத் தம்பியின் ஹெட்போனுக்குக் கொடுத்து, பேசும் பொத்தானை ஓட்டுகிற தடியில் ரப்பர் பட்டையால் சுற்றிவைத்திருந்தார். கையுறை போட்டால் பொத்தான் நழுவுகிறது என்று தம்பி புலம்பியதால், இன்று மதியம் அந்தப் பட்டையை இன்னும் நன்றாக இறுக்கினார். இப்போது அது பொத்தானின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அந்த ரேடியோ பேசும், கேட்காது. தம்பி தும்மினாலும் கீழே கேட்கும். கீழே இருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் அவனுக்கு எட்டாது.

இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பறக்கிற பைத்தியம். அண்ணனின் கண் சரியில்லை என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தம்பி பறந்தான், அண்ணன் வயர் பிடித்தார். பொறாமை இருந்தது, நெஞ்சு எரிகிற பொறாமை. அதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று கேட்கிறவர்களிடமும் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார்.

பாட்டு நின்றது.

"சொல்லுண்ணா," என்றான் தம்பி.

அண்ணனின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இல்லை.

"கேக்குதுண்ணா. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது."

"அப்பாடா!" என்று தம்பி மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுடுச்சு மாமா!"

"பாதை தெளிவா இருக்கா? இங்கருந்து பாத்தா ஒரே வெள்ளையா இருக்கே… சரிண்ணா. நீ சொன்னா சரிதான். இறங்கறேன்."

அண்ணன் பொத்தானை அழுத்திக் கத்தினார். "இறங்காதடா! பனிடா! திரும்பிப் போ!" விரலை எடுத்தார். எஞ்சின் உறுமல். அவ்வளவுதான்.

அவரைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

"பாதை தெளிவா இருக்குன்னா சொன்னீங்க மாமா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா!"

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஏனோ தாடை வலித்தது. வெகுநேரம் பேசினால் வலிக்குமே, அப்படி.

"இன்னும் கீழயா? ஒன்னுமே தெரியலண்ணா."

இப்போது எஞ்சின் சத்தம் ரேடியோவில் மட்டும் இல்லை. பனிக்குள்ளும் கேட்டது. தாழ்வாக.

"இடது பக்கமா? அங்க தண்ணித் தொட்டி இல்ல?"

"இல்லடா! வேண்டாம்டா!"

"சரி சரி. நீ பாத்துக்கிட்டுதானே இருக்க."

நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

"அண்ணா… ஏன் சிரிக்கற?"

இரும்பு கிழிகிற சத்தம். காலடியில் தரை அதிர்ந்தது. பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தம், நிற்காமல்.

ரேடியோவில் ஒன்றுமில்லை. தம்பியின் பொத்தான் கடைசியில் விடுபட்டிருந்தது.

அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் மிச்சம் இருந்தது. நிதானமான குரல். பாசமான குரல்.

"வா தம்பி. இன்னும் கொஞ்சம் கீழ வா. அண்ணன் இருக்கேன்ல."

அவருடைய குரல்.

ரேடியோவை அணைத்தார். குரல் நிற்கவில்லை. பேட்டரியைப் பிடுங்கி எறிந்தார். நிற்கவில்லை.

தம்பி மனைவி தண்ணீர்த் தொட்டியின் பக்கம் ஓடவில்லை. அலறவும் இல்லை. கொட்டகைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

விரல்களைத் தூக்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்தார்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.