முப்பத்தொரு சதவீதம்

காட்டுப் பயற்றுச் செடிக்குள் இரண்டு சதவீதம் மனிதர் இருந்தார். 2012 மார்ச்சில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கையுறை போடாத விரல் ஒன்று பட்டால் போதும், இலைச்சாற்றோடு அந்த ஆளும் மரபணு வாசிக்கும் இயந்திரத்துக்குள் போய்விடுவார்.

செடியின் மரபணுவில் ஒரே துண்டு லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இனம் பிரித்து எண்ணுவதுதான் கிளேட்டன் ஆய்வகத்தில் ஜெஸீமாவின் வேலை. கலப்படம் யாருடையது என்று கண்டுபிடிக்க, ஊழியர் எல்லாருடைய எச்சிலையும் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். ஒப்பிட்டவள் ஜெஸீமா. திரையில் வந்தது அவளுடைய பெயர். தலைவர் வெங்கட்ராமனுக்கு அவள் எழுதி அனுப்பியது, பக்கத்து மேசை கிரிஜாவின் பெயர்.

கிரிஜாவின் வேலை போயிற்று. விசா அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அதை நினைத்தாலே ஜெஸீமாவுக்குக் காதுமடல் வரை சுடும்.

ஜூலையில் புது இலை, புதுக் கையுறை. ஒன்பது சதவீதம். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாம் முடிவு வந்தது: முப்பத்தொன்று. இம்முறை இலையை அவள் தொடவே இல்லை. வேறு ஆய்வகத்தார் வந்து வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தாள். பெயர் மாறவில்லை.

டார்னெய்ட்டில் இருக்கும் கிரிஜாவின் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஆமா, சொல்லுங்க ஜெஸீமா. பெட்டி கட்டிட்டு இருக்கேன். நாளைக்கு ஃப்ளைட்."

"கிரிஜா, அந்த சாம்பிள் விசயம்..."

"நான்தான் கவனமில்லாம இருந்திருப்பேன். அதை விடுங்க. இவ்ளோ நாள் ஹெல்ப் பண்ணீங்களே, அதுவே போதும்."

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் ஒரு நாள் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"ஓம். கவனமாப் போயிட்டு வாங்கோ," என்றாள் ஜெஸீமா.

வெட்கம் பிடுங்கித் தின்றது. செடிகளையாவது ஒழித்துவிடலாம் என்று வளர்ப்பறைக்குப் போனாள். ஜன்னலில்லாத அந்த அறையில் வெள்ளை விளக்குகள் ரீங்கரித்தன, காற்றாடி எப்போதும்போல் சுற்றியது, ஆனால் ஈர மண் வாசனை வர வேண்டிய இடத்தில், தூக்கம் வராமல் புரண்ட படுக்கையின் வியர்வை வாசனை, அவளுடைய தலையணையின் வாசனை, கதவடியிலேயே வந்து மூக்கில் ஏறியது.

நாற்பது தொட்டிகள். ஓரத்துத் தொட்டியில் ஓர் இலையை மெல்லத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

காற்றாடியை நிறுத்தினாள். இலைகள் அசைவதை நிறுத்தவில்லை. ஏறின. இறங்கின. அவள் மூச்சை அடக்கினாள். அவையும் அடங்கின.

தண்டைப் பிடித்தாள். இழுத்தாள். மண் உதிர்ந்தது.

பயற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். இவையும் முடிச்சுகள்தான். உருண்டை. ஈரம்.

ஒன்று திறந்தது.

பிறகு எல்லாம் திறந்தன. பழுப்புக் கருவிழிகள். அவளுடையவை. வேர் முழுக்க. இமைத்தன.

மற்ற தொட்டிகளிலும் மண் பிளந்துகொண்டிருந்தது. நூறு கண்கள். இருநூறு. ஒன்றுகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாம் தாழ்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தன.