தலையில் இரண்டு புள்ளி

காலை 9.50. ஹவுகிசால்மி பள்ளியின் அலுவலகக் கணினியில் அந்தக் கோப்பைக் காணவில்லை.

மூன்று மாத உழைப்பு அது. சுவருக்குள் படர்ந்திருந்த பூஞ்சை ஒவ்வொரு வகுப்பறைக் காற்றிலும் எவ்வளவு கலக்கிறது என்று கருவி வைத்துக் கணக்கு ஆசிரியை வெல்லமோ அளந்து சேர்த்த எண்கள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டேதான் பாடம் படித்தார்கள். மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் கூட்டம். எண்களைக் காட்டினால் நகராட்சி கட்டடத்தை மூடியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் பிள்ளைகள் இன்னொரு குளிர்காலம் அதையே சுவாசிக்க வேண்டும். நகலும் கிடையாது. கோப்பு பள்ளிக் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது நகராட்சியின் உத்தரவு.

10.05. தலைமையாசிரியர் ஆவுலிஸ் தன் மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். நல்ல மனிதர்தான். நகராட்சி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிடுவார்.

"உங்க புரோகிராம் பண்ணின வேலை இது, வெல்லமோ."

அவர் சொன்னது ஆன்டிவைரஸ் மென்பொருள் ஒன்றை. இன்னும் விற்பனைக்கு வராத சோதனைப் பதிப்பு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பயன்படுத்திப் பார்க்க ஆள் தேடியபோது வெல்லமோ கை தூக்கினாள். ஆவுலிஸே கையெழுத்தும் போட்டார். ஆறு வாரமாக அவளுக்கும் அதற்கும் தினம் ஒரு சண்டை. பிரிண்டரைத் திருடன் என்று அலறுகிறது, ஆமை வேகத்தில் திறக்கிறது, தலையில் இரண்டு புள்ளி வைத்த ä போன்ற எழுத்துகளைக் கேள்விக்குறியாக்குகிறது, அதனால் அந்தப் புள்ளிகள் உள்ள வைநோ ஆசிரியர் பெயர் கந்தலாகி அவர் இரண்டு நாள் தன்னோடு பேசவில்லை என்றெல்லாம் எழுதிப் போட்டாள். எல்லாவற்றுக்கும் 'நன்றி' என்று ஒரே பதில்தான் வந்தது.

முதல் தாளில் அச்சாகியிருந்தது: 'ஆபத்தான கோப்பு அழிக்கப்பட்டது: Sisäilma.' அவர்கள் மொழியில் உள்காற்று என்று பொருள். அதுதான் தொலைந்த கோப்பின் பெயர்.

இரண்டாவது தாள், தன் அலட்சியத்தால் கோப்பு அழிந்ததென ஒப்புக்கொண்டு வெல்லமோ வேலையை விடுவதாகச் சொல்லும் கடிதம். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

ஜன்னலோரம் மூன்றாவது காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார் டார்மோ பிர்ஹோனென், நகராட்சிக் கட்டட அதிகாரி. கட்டடம் கல்லுப்போல இருக்கிறது என்று இரண்டு வருடம் முன்பு சான்று கொடுத்தவர்.

"போட்டுடுங்க டீச்சர். பெருசு பண்ணாம முடிச்சுக்கலாம்."

"நான் சின்னதா எதையும் முடிக்கிறதில்ல," என்றாள் வெல்லமோ. "இந்தத் தாளை யாரு எடுத்தது?"

"நான்தான்," என்றார் டார்மோ. "இடைவேளையில ஒரு கடிதம் பார்க்க ஆபீசுக்குப் போனேன். திரையில இந்த அறிவிப்பு குதிச்சுது. அப்படியே பிரிண்ட் போட்டேன்."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க, ஆவுலிஸ்?"

"முற்றத்துல, பிள்ளைங்களோட. தாளை மட்டும்தான் பார்த்தேன்."

"டார்மோ, திரையில இருந்ததும் இந்தத் தாள்ல இருக்கிறதும் ஒண்ணுதானா?"

"எழுத்துக்கு எழுத்து. என் கண்ணால பார்த்தேன். வேணும்னா சத்தியம் பண்ணட்டுமா?"

"வேண்டாம். அலுவலகம் வரைக்கும் வந்தா போதும்."

10.20. அலுவலகக் கணினி. ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்கவே தீங்கில்லாத மாதிரிக் கோப்பு ஒன்றை நிறுவனம் கொடுத்திருந்தது. வெல்லமோ அதற்கும் 'Sisäilma' என்றே பெயர் வைத்துச் சேமித்தாள். மென்பொருள் உடனே அலறியது. சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது.

'Sis?ilma.'

ஆவுலிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கேள்விக்குறி நகரவில்லை.

"இந்த மென்பொருளுக்கு நம்ம புள்ளி எழுத்து தெரியாது," என்றாள் வெல்லமோ. "அந்த அறிவிப்பு நிஜமா வந்திருந்தா பேர் இப்படித்தான் இருந்திருக்கும். இந்தத் தாள் திரையிலிருந்து வரல. யாரோ உட்கார்ந்து தட்டியிருக்காங்க. பொய் எழுதும்போதும் ரெண்டு புள்ளியை விட மனசு வரல. நம்ம ஊர்க்காரன் கை எப்படி விடும்? நமக்கு a-வும் ä-வும் வேற வேற எழுத்தாச்சே. கண்ணால பார்த்தேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான், டார்மோ."

"ஏதோ கோளாறு. அரைவேக்காட்டு மென்பொருள்னு நீங்களே சொல்லுவீங்களே!"

"ஆமா, அரைவேக்காடுதான். ஆனா கடிக்கும்." அவள் மென்பொருள் பிடித்து அடைத்து வைத்த கோப்புகளின் சிறைப் பட்டியலைத் திறந்தாள். மாதிரிக் கோப்புக்குக் கீழே இன்னொரு கைதி. பிடிபட்ட நேரம் 9.38. தடயமில்லாமல் கணினி வட்டைத் துடைக்கும் நிரல். வந்த வழி: பென் டிரைவ். அதன் பெயர்: நகராட்சி, கட்டடப் பிரிவு.

"கோப்பை அழிச்சீங்க. மீட்க முடியாதபடி துடைக்கவும் பார்த்தீங்க. துடைப்பத்தை இது பிடுங்கி வச்சுக்கிச்சு. பிரிண்டரைப் பார்த்துக் கத்தினதுக்கு இன்னைக்கு மன்னிச்சேன்."

டார்மோ காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடினார். "ஆவுலிஸ், இது வெளியே போனா உங்களுக்கும்தான் கெட்ட பேரு. யோசிங்க."

ஆவுலிஸ் கதவைத் திறந்து, டார்மோ போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

அழித்த கோப்பு உடனே காற்றில் கரைந்துவிடாது. மேலே வேறொன்றை எழுதும்வரை வட்டில்தான் கிடக்கும். 11.15க்கு வெல்லமோ அதை முழுசாக மீட்டாள். முதல் வேலையாக நான்கு நகல் எடுத்தாள், உத்தரவை மீறித்தான்.

மாலை 6.00. உணவுக்கூடம் நிரம்பியிருந்தது. ஆவுலிஸ் அவள் காதருகே குனிந்தார்.

"நகராட்சி பதில் சொல்ற வரைக்கும் எண்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா?"

"முடியாது."

அறை அறையாக வாசித்தாள். மூன்றாம் வகுப்பின் எண் வந்தபோது பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து நின்றான். அப்புறம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"கட்டடத்தைச் சரிபண்ற வரைக்கும் என் வகுப்பு உள்ளே நடக்காது," என்றாள் வெல்லமோ. "நாளைக்குக் காலை எட்டு மணிக்கு முற்றத்துல, பனியில கணக்குப் பாடம். பிள்ளைங்களுக்கு நல்லா உடுத்தி அனுப்புங்க. என்னை வேலையை விட்டு நிறுத்தணும்னா அங்க வந்து நிறுத்தட்டும்."

மேடையிலிருந்து ஆவுலிஸின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மத்த வகுப்புகளும் அங்கேதான் நடக்கும். கரும்பலகையை நான் தூக்கிட்டு வர்றேன்."